முட்டத்துக் கடலின் இரண்டு நீலங்கள்

லினக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்யும் ஸ்கேனர் எது என்று நண்பர்கள் கேட்டால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவேன். யூஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மெலிந்த ஸ்கேனர் ஒன்றை வாங்குங்கள், லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் என்ற மென்பொருள் அதை அடையாளம் கண்டுகொள்ளும், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுங்கள், அவ்வளவுதான் என்பேன். ரேஷன் அட்டைக்கும் பட்டா நகலுக்கும் அந்தப் பதில் இன்றும் சரியே. நீர்வண்ண ஓவியத்துக்கு அது தவறான பதில் என்பதை எனக்குக் காட்டியவர் என் அப்பா. ஸ்கேனரைப் பற்றியோ லினக்ஸைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது. தம்முடைய நீலம் எது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அப்பா கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத்தெருவில் இன்றும் அவரை டிராயிங் சார் என்றே அழைக்கிறார்கள். பணியில் இருந்த காலத்தில் சனிக்கிழமை காலையில் பேருந்தேறி முட்டத்துக்கோ தேரூர் குளத்துக்கோ மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கோ போய், வெயில் ஏறுவதற்குள் ஒரு படத்தை முடித்துக்கொண்டு திரும்புவார். அப்படிச் சேர்ந்தவை நானூறுக்கும் மேல். அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தோம். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, முற்றத்துப் பலாமரம் ஓட்டின்மேல் சாய்ந்து, பெட்டி இருந்த அறைக்குள் மழை நேராக இறங்கியது. மின்கம்பங்கள் விழுந்து, தெருவில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் செய்தித்தாளின் மையோடு ஒட்டிப்போயிருந்தன. அப்பா அவற்றைத் திண்ணையில் ஒரு நாள் முழுவதும் காயவைத்துப் பார்த்துவிட்டு, பிறகு தாமே எடுத்துப்போய் அடுப்பில் போட்டார். மீந்தவற்றுக்கு நகல் எடுத்தே தீர வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் இது. புயல் வராவிட்டாலும் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வந்துவிடும்.

ஒன்றாகிப்போன நிறங்கள்

வீட்டில் ஏற்கெனவே ஒரு மெலிந்த ஸ்கேனர் இருந்தது. என் கணினியில் பல ஆண்டுகளாக லினக்ஸின் ஒரு வகையான டெபியன்தான் ஓடுகிறது. ஸ்கேனரைச் செருகியதும் வேலை செய்தது. மூன்று மாதங்களில் நூறு படங்களுக்கு மேல் எடுத்துவிட்டேன். ஒருநாள் முட்டம் கடற்கரைப் படத்தை அச்சிட்டு, மகிழ்வார் என்று எண்ணி அப்பாவிடம் நீட்டினேன். அவர் பெட்டியிலிருந்து மூலத்தை எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் சன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

“இது எனக்க நீலம் இல்ல மக்களே. பாறைக்குப் பக்கத்துல கிடக்க தண்ணி கோபால்ட்டு. அதுக்கு அந்தால உள்ளது அல்ட்ராமரைன். இதுல ரெண்டும் ஒண்ணாட்டுல்லா இருக்கு?”

அச்சு எந்திரத்தின் குற்றம் என்றுதான் முதலில் நினைத்தேன். திரையில் பார்த்தேன், அங்கும் கடல் முழுவதும் ஒரே நீலமாக இருந்தது. கிம்ப் என்ற பட மென்பொருளில் திறந்து, நிறத்தைத் திருத்தும் வளைகோடுகளை இழுத்தேன். ஒரு நீலம் சற்றுச் சரியானால் வானம் ஊதாவாகியது. வானத்தை மீட்டால் பாறையின் செம்மண் நிறம் கெட்டது. இரண்டு இரவுகள் அந்த ஒரு படத்தோடு போராடிய பிறகுதான் எளிய உண்மை ஒன்று எனக்கு உறைத்தது. கோபால்ட் இருந்த இடத்துக்கும் அல்ட்ராமரைன் இருந்த இடத்துக்கும் கோப்பில் கிட்டத்தட்ட ஒரே எண்கள்தான் பதிவாகியிருந்தன. படம் பிடிக்கும் நொடியில் ஒன்றாகிவிட்ட இரண்டு நிறங்களைப் பின்னால் எந்த வளைகோடும் பிரித்துத் தராது. எவ்வளவு டிபிஐ வைத்தாலும் பிரியாது. தவறான ஒரு நீலத்தின் இன்னும் நுணுக்கமான நகல்தான் கிடைக்கும்.

பிறகு மற்றப் படங்களையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். இன்னொரு குறையும் தெரிந்தது. நீர்வண்ணத் தாள் நனைந்து காய்ந்தால் அலையலையாக நெளிந்துவிடும். அதிலும் நம் ஊர் ஈரக்காற்றில் அது தட்டையாக ஒருபோதும் படுக்காது. நெளிவு கண்ணாடியைத் தொட்ட இடங்கள் கூர்மையாகவும், மேலெழுந்த இடங்கள் புகை படிந்ததுபோல மங்கலாகவும் பதிவாகியிருந்தன. மாத்தூர் தொட்டிப் பாலத்தின் நெடிய தூண்களில் ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மங்கியும் இருந்ததை, பனிமூட்டத்துக்காக அப்பா வேண்டுமென்றே வரைந்தது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஒளி விழும் விதம்

இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றே. மெலிந்த ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் எனப்படும் தொடு உணரி. தாளின் அகலத்துக்குச் சமமான நீளமுள்ள உணரிப் பட்டை ஒன்று கண்ணாடிக்கு அடியில் ஒட்டினாற்போல நகர்கிறது. அதன்மேல் நுண்ணிய உருளை வில்லைகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. கண்ணாடிமேல் படிந்திருக்கும் பரப்பை மட்டுமே அவை கூர்மையாகக் காணும். ஒளிக்காகச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னுகின்றன. ஒவ்வொரு எல்இடியும் நிறமாலையில் ஒரு குறுகிய பகுதியைத்தான் வெளிச்சமாக்குகிறது. இரண்டு நிறமிகள் வேறுபடும் இடம் அந்த மூன்று குறுகிய பகுதிகளுக்கு வெளியே இருந்தால், கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உணரிக்குத் தெரியாமல் போகும். அச்சிட்ட தாள்களில் நான்கு மைகள்தாம் எல்லா நிறங்களையும் உண்டாக்குகின்றன. அதனால் அங்கே இந்தக் குறை பெரிதாக வெளிப்படுவதில்லை. ஓவியரின் தட்டில் ஒவ்வொரு குழாயும் வேறொரு கனிமம், வேறொரு சாயம்.

தடித்த உடல் கொண்ட பழைய பாணி ஸ்கேனர்களில் சிசிடி உணரி இருக்கிறது. வெண்மையான விளக்கு தாள்மேல் விழ, அதன் பிரதிபலிப்பைக் கண்ணாடிகள் மடக்கி மடக்கி ஒரு வில்லைக்கு அனுப்ப, வில்லை அதைச் சுருக்கிச் சிறிய உணரியின்மேல் விழச் செய்கிறது. நிறங்களைப் பிரிக்கும் வேலையை உணரியின்மேல் இருக்கும் வடிகட்டிகள் செய்கின்றன. ஒளி நெடுந்தூரம் பயணம் செய்து வில்லை வழியாக வருவதால், தாள் கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டர் எழுந்திருந்தாலும் படம் கூர்மையாகவே இருக்கும். ஸ்கேனருக்கு வருடி என்று தமிழில் ஒரு சொல் புழங்குகிறது. மெலிந்த கருவி உண்மையிலேயே தொட்டு வருடுகிறது. தடித்த கருவி சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறது. நெளிந்த தாளுக்குத் தள்ளி நின்று பார்ப்பவர்தான் வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டதும் அடுத்த பதற்றம் தொடங்கியது. இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை சிஐஎஸ் கருவிகள். லினக்ஸில் சிக்கலின்றி இயங்கும் கேனான் லைட் 300, லைட் 400 ஆகியவையும் சிஐஎஸ்தான். அப்போது சிசிடியோடு புதிதாகக் கிடைத்த சிலவற்றுள் எல்லோரும் பரிந்துரைத்தது எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600. அதை லினக்ஸில் இயக்க, நிறுவனம் தரும் மென்பொருளோடு மூலநிரல் வெளியிடப்படாத செருகுநிரல் ஒன்றையும் நிறுவ வேண்டும். மூலநிரல் திறந்திருக்கும் கட்டற்ற டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) உள்ள கருவிக்கு அப்பாவின் நீலம் தெரியவில்லை. நீலம் தெரிந்த கருவியின் டிரைவரோ மூடிய பெட்டி. இதைத் தாண்ட எனக்கு ஆறு மாதங்களாயின.

மூடிய பெட்டி

நடுவில் ஒரு குறுக்கு வழியையும் முயன்றேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் பெரிய ஸ்கேனர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஐந்து படங்களைக் கொடுத்தேன். அவர்கள் ஜேபெக் கோப்புகளாகத் திருப்பித் தந்தார்கள். மென்பொருளின் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் ‘அழகாக்கி’யிருந்தது: தாளின் இளமஞ்சள் பழுப்பு வெள்ளையாகியிருந்தது, விடியற்கால வானத்தில் அப்பா ஒரே ஒரு தூரிகை நீரில் விட்ட மெல்லிய சிவப்பு தாளின் வெண்மையோடு சேர்ந்து மறைந்தேபோயிருந்தது. பென்சில் கோடுகள் மட்டும் கரிக்கோடுகள்போல எழுந்து நின்றன. ஓவியத்துக்கு எந்தத் திருத்தமும் செய்யாத, பார்த்ததைப் பார்த்தபடி ஒப்படைக்கிற மென்பொருள் வேண்டும் என்பதை அங்கே கற்றேன். அந்த வகையில் சேனோடு பயன்படுத்தும் எக்ஸ்சேன் என்ற மென்பொருளின் பழமையான, பொத்தான்கள் நிறைந்த திரை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒளிர்வும் மாறுபாடும் பூச்சியத்தில், காமா ஒன்றில் நிற்கின்றனவா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மார்த்தாண்டத்தில் ஆல்பம் வடிவமைக்கும் நண்பர் ஒருவரிடம் வி600 இருந்தது. என் மடிக்கணினியைக் கொண்டுபோய், அந்தச் செருகுநிரலையும் நிறுவி, அதே முட்டம் படத்தை எடுத்தேன். திரையில் கடல் இரண்டாகப் பிரிந்து நின்றது. நெளிந்த தாளின் நான்கு மூலைகளும் கூர்மையாக இருந்தன. வீட்டுக்கு வந்து காட்டியபோது அப்பா, “இப்பம் சரியாட்டு இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வேலை முடிந்தது, வாங்கிவிடலாம் என்றுதான் யாரும் முடிவு செய்வார்கள். எனக்கு அது முடிவாகவில்லை.

எனக்கு எதிராக நானே வலுவாக வாதாடிப் பார்த்தேன். ஸ்கேனர் தருவது ஒரு டிஃப் கோப்பு. அந்தக் கோப்பை எந்த மென்பொருளும் திறக்கும். படம் ஒருமுறை பதிவாகிவிட்டால், பதிவு செய்த டிரைவர் நாளை செத்தாலும் படத்துக்கு என்ன கேடு? நானூறு படங்களையும் ஆறு மாதத்தில் எடுத்துவிட்டுக் கருவியை விற்றுவிடலாமே? அசைக்க முடியாத வாதமாகவே அது தோன்றியது. அப்போதுதான் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் வீட்டில் ஒரு ஸ்கேனர் இருந்தது. விண்டோஸின் அடுத்த பதிப்பு வந்தபோது, அந்த மாடலுக்கு இனி டிரைவர் வெளியிடப்போவதில்லை என்று அதைத் தயாரித்த நிறுவனம் கைவிரித்துவிட்டது. விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை; ஆனால் பழைய இரும்பு வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டிய நிலை. அந்தக் கருவியை லினக்ஸில் செருகியபோது அது மறுபடி உயிர்பெற்று, மேலும் ஏழு ஆண்டுகள் உழைத்தது. நான் லினக்ஸுக்கு நிரந்தரமாகக் குடியேறியதே அதனால்தான்.

சேன் செய்யும் வேலையின் அருமை அதில் இருக்கிறது. திரையில் நாம் காணும் மென்பொருள் ஒரு பக்கம், கருவியோடு அதன் மொழியில் பேசும் பகுதி மறுபக்கம் என அது இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கேனானின் பல கருவிகளுக்குப் பிக்ஸ்மா, ஜெனிசிஸ் சில்லு கொண்டவற்றுக்கு ஜெனிசிஸ், எப்சனின் பல பழைய கருவிகளுக்கு எப்சன்2 என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிப் பின்னிருப்பு உண்டு. எக்ஸ்சேனோ சிம்பிள் ஸ்கேனோ எதைப் பயன்படுத்தினாலும் அடியில் பேசுவது அதுதான். மூலநிரல் எல்லோர் கையிலும் இருப்பதால், நிறுவனம் மறந்த கருவியையும் யாரேனும் ஒருவர் அடுத்த பதிப்புக்குக் கொண்டுசேர்க்க முடியும். மூடிய செருகுநிரலில் அந்த வாய்ப்பு அடைபட்டிருக்கிறது. அது எந்த வகைக் கணினிச் சில்லுக்காகத் தொகுக்கப்பட்டதோ அதில் மட்டும்தான் ஓடும். அது சார்ந்திருக்கும் நூலகங்கள் மாறினால், திருத்த வேண்டியவர் நிறுவனத்துக்குள் மட்டுமே இருக்கிறார்.

என் வாதத்தின் ஓட்டையை அடைத்தவரும் அப்பாதான். புயலுக்குப் பிறகு அவர் முட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. மூட்டுவலியோடு மாதம் இரண்டு படமாவது வரைந்துகொண்டிருந்தார். நானூறு படங்களை எடுத்து முடித்துக் கருவியை விற்கும் நாள் என்று ஒன்று வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். அவர் வரைகிற வரைக்கும், அதற்குப் பிறகு பெட்டியை நான் வைத்திருக்கிற வரைக்கும் இயங்குகிற கருவி தேவைப்பட்டது.

பட்டியலைத் தலைகீழாகப் படித்தல்

அதுவரை நான் கடையில் இருப்பதைப் பார்த்து, பிறகு அது லினக்ஸில் ஓடுமா என்று தேடிக்கொண்டிருந்தேன். இப்போது வரிசையை மாற்றினேன். சேன் திட்டம் வெளியிடும் ஆதரவுப் பட்டியலை எடுத்து, சிசிடி உள்ளவற்றை மட்டும் குறித்துக்கொண்டேன். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் எதிரே முழுமை, நன்று, அடிப்படை, குறைந்தபட்சம், சோதிக்கப்படாதது, ஆதரவில்லை என்று ஒரு நிலை எழுதப்பட்டிருக்கும். இந்தச் சொற்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘அடிப்படை’ என்றால் கருவி இயங்கும், ஆனால் உயர்ந்த தெளிவோ வேறு ஏதோ ஒரு வசதியோ இல்லாமல் போகலாம். பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது கருவியால் முடிந்தது. டிரைவர் நம்மிடம் ஒப்படைப்பது வேறு. ஒரு நிறத்துக்கு 16 பிட் என்று பெட்டி சொன்னாலும் பின்னிருப்பு 8 பிட் மட்டும் தரக்கூடும். கருவியை இணைத்து, சேனோடு வரும் ஸ்கேன்இமேஜ் கட்டளையிடம் எல்லா விருப்பத்தேர்வுகளையும் பட்டியலிடச் சொன்னால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். பெயரில் ஓர் எழுத்தோ எண்ணோ மாறினால் உள்ளே இருக்கும் சில்லே மாறியிருக்கலாம் என்பதால், மாடல் பெயர் முழுமையாகப் பொருந்துகிறதா என்றும் பார்த்தேன்.

டிரைவரே தேவையில்லாமல் இயங்கும் கருவிகளைப் பற்றியும் பலர் சொன்னார்கள். வலைப்பின்னலில் இணைந்த பல புதிய அச்சு-ஸ்கேன் கருவிகள் ஈஎஸ்சிஎல் என்ற பொது நெறிமுறையைப் பேசுகின்றன. சேன்-ஏர்ஸ்கேன் என்ற பின்னிருப்பு அவற்றை உடனே கண்டுபிடிக்கிறது. ஆவணங்களுக்கு இது பெரும் விடுதலை. ஆனால் நான் பார்த்தவை எல்லாம் சிஐஎஸ் கருவிகளாகவே இருந்தன. தேர்ந்தெடுக்கத் தரும் வசதிகளும் சில மட்டுமே. அவற்றை விட்டுவிட்டேன். வ்யூஸ்கேன் லினக்ஸிலும் ஓடும், நிறையக் கருவிகளைக் கையாளும். அதுவும் மூலநிரல் மூடிய விலைக்கான மென்பொருள் என்பதால் என் கேள்வியை வேறோர் இடத்துக்கு மாற்றுமே தவிரத் தீர்க்காது.

கடைசியில் என் தாளில் மீந்த பெயர்களில் ஒன்று கேனான் கேனோஸ்கேன் 9000எஃப் மார்க் 2. சிசிடி உணரி, வெள்ளை எல்இடி விளக்கு, பிக்ஸ்மா பின்னிருப்பு. உற்பத்தி நின்றுபோன கருவி, பழையதாகத்தான் கிடைக்கும். நான்கு மாதம் காத்திருந்து, திருவனந்தபுரத்தில் மூடப்படவிருந்த ஒரு ஸ்டூடியோவில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அப்பா ஓர் அட்டை செய்து கொடுத்தார். அவரிடம் இருந்த 12 குழாய் வண்ணங்களையும் ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம் வீதம், அடர்த்தியாக, நடுத்தரமாக, நீர்த்து என்று 36 கட்டங்களாகத் தீட்டியிருந்தார். நான் கேட்கவில்லை, நான் எதைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதை அவரே புரிந்துகொண்டு செய்தது. ஸ்கேனர்களின் நிறத்தை அளக்க ஐடி8 என்ற தரப்படுத்திய அட்டை உண்டு: 264 வண்ணக் கட்டங்கள், கீழே 24 சாம்பல் படிகள். ஆர்கில் சிஎம்எஸ் என்ற கட்டற்ற மென்பொருள் அந்த அட்டையின் ஸ்கேனைப் படித்து, கருவிக்கான வண்ண விவரக் கோப்பை உருவாக்கித் தரும். அந்த அட்டையை நான் பின்னால் வாங்கினேன், இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது புகைப்படத் தாளின் சாயங்களால் ஆனது. கோபால்ட்டும் எரிந்த சியன்னாவும் அதில் இல்லை. ஒரு கருவி அப்பாவின் படங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லக்கூடியது அப்பாவின் அட்டைதான்.

ஸ்டூடியோவில் மடிக்கணினியை இணைத்தபோது கருவி முதலில் தெரியவில்லை; ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் கொண்ட கணக்கில், கேட்டால் தெரிந்தது, பயனராகக் கேட்டால் மறைந்தது. இது வெறும் அனுமதிச் சிக்கல் என்பதால் ஸ்கேனரைத் தொட அனுமதியுள்ள ‘ஸ்கேனர்’ பயனர் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டு மேலே சென்றேன். முதலில் ஓர் இரும்பு அளவுகோலைக் கண்ணாடிமேல் வைத்து, அதன் ஒரு முனையை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி உயர்த்தி ஸ்கேன் செய்தேன். வீட்டுக் கருவியில் இதே சோதனையைச் செய்தபோது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் கோடுகள் கலங்கிவிட்டன; இங்கே ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டியும் கோடுகளை எண்ண முடிந்தது. அடுத்து அப்பாவின் அட்டை. ஏழாவது கட்டமும் பத்தாவது கட்டமும் கோபால்ட்டும் அல்ட்ராமரைனும். திரையில் படம் மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கிவந்தபோது, அந்த இரண்டு கட்டங்களின் எண்களையும் கிம்ப்பில் நிறத்தெரிவுக் கருவியால் தொட்டுப் பார்த்தேன். வேறு வேறாக இருந்தன. நீர்த்த கட்டங்களிலும் வேறு வேறாகவே இருந்தன. கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பே என் முகம் விலையைச் சொல்லியிருக்கும். பேரம் பேச மறந்துபோனேன்.

ஓரத்து விளிம்பு

கண்ணாடியின் உட்பக்கத்தில் ஈரத்தால் படிந்த மெல்லிய மூட்டம் இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். கருவியைத் திறந்து துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போது அதன் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வைக்கிறேன். கடற்காற்று அடிக்கிற ஊர்களில் பழைய ஸ்கேனர் வாங்குபவர்கள் கண்ணாடியைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

அப்பா பெரும்பாலும் கால் இம்பீரியல் தாளில் வரைகிறார். 11 அங்குலத்துக்கு 15 அங்குலம். கருவியின் கண்ணாடியோ எட்டரை அங்குலத்துக்கு 11.7 அங்குலம். ஏ3 அளவுக் கருவி வாங்க எனக்கு வசதியில்லை. ஆனால் கணக்குப் போட்டால் தாளின் 11 அங்குலப் பக்கம் கண்ணாடியின் நீளத்துக்குள் அடங்கிவிடும். 15 அங்குலத்தை இரண்டு முறையில் எடுத்தால் நடுவில் இரண்டு அங்குலம் இரண்டிலும் பொதுவாக வரும். அந்த இரண்டு அங்குலத்தைக் கொண்டு ஹியூகின் என்ற மென்பொருள் இரண்டு பாதிகளையும் தைத்துவிடுகிறது. கேமராவைச் சுழற்றி எடுத்த படங்கள் என்று அது எண்ணாதபடி, தாள் நகர்ந்ததையும் சற்றுத் திரும்பியதையும் மட்டும் கணக்கிடச் சொல்ல வேண்டும். 600 டிபிஐயில் தைத்து முடித்த படம் 6600க்கு 9000 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் 24 பிட்டில் 178 மெகாபைட். இதற்கு மேல் டிபிஐ வைத்துப் பார்த்ததில் தாளின் நார்கள்தாம் பெரிதாயின.

இங்கேயும் சிசிடி கைகொடுத்தது. ஸ்கேனரின் கண்ணாடியைச் சுற்றி உயர்ந்த விளிம்பு உண்டு. தாளின் ஒரு பாதி வெளியே தொங்கும்போது அந்த விளிம்பு தாளைச் சற்றுத் தூக்கிவிடும். சிஐஎஸ் கருவியில் சரியாகத் தைக்க வேண்டிய இடம்தான் மங்கும். இந்தக் கருவியில் மங்கவில்லை. ஆனால் நான் வேறொரு தவறு செய்தேன். தாளை நகர்த்துவதற்குப் பதிலாக, எளிது என்று எண்ணி, இரண்டாவது பாதிக்குத் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். தைத்த படத்தில் கோடு எங்கும் தெரியவில்லை, நிறமும் பொருந்தியது, ஆனாலும் ஏதோ உறுத்தியது. அப்பா ஒரு நிமிடம்தான் பார்த்தார். “இந்தப் பாதியில தாளு மேடாட்டும் அந்தப் பாதியில குழியாட்டும் இருக்கு” என்றார். சொரசொரப்பான தாளில் ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுவதால், ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நுண்ணிய நிழல் உண்டு. தாளைத் திருப்பியதும் நிழல் எதிர்ப்புறம் விழுந்திருக்கிறது. அப்படி எடுத்த நாற்பது படங்களை மீண்டும் எடுத்தேன். இப்போது தாளின் மேல்முனை எப்போதும் ஒரே திசையில் இருக்க, மூடியைத் திறந்து வைத்து, கறுப்புத் துணியால் போர்த்தி, மேலே பழைய தமிழகராதி ஒன்றைப் பாரமாக வைக்கிறேன்.

முட்டம், தேரூர், பேச்சிப்பாறை, வேளிமலை அடிவாரம் என்று முந்நூறு படங்களை இதுவரை முடித்திருக்கிறோம். ‘முடித்திருக்கிறோம்’ என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் மூலத்தோடு சன்னலோரம் வைத்துப் பார்த்து அப்பா தலையசைத்த பிறகுதான் கோப்புக்குப் பெயர் வைக்கிறேன். தோவாளைப் பூச்சந்தை வரிசையில் ஒரு படம் மட்டும் இன்னும் தலையசைப்புப் பெறவில்லை. கூடைகளில் குவிந்த அரளிப் பூவுக்கு அவர் ஒளிரும் சாயம் கலந்த ஓர் இளஞ்சிவப்பைப் பயன்படுத்தியிருக்கிறார். தன்மேல் விழும் ஒளியின் ஒரு பகுதியை அந்தச் சாயம் வேறு நிறமாக மாற்றித் திருப்பி அனுப்புவதால், தாளில் பூ உள்ளிருந்தே எரிவதுபோல இருக்கிறது. இந்தக் கருவியாலும் அதைப் பிடிக்க முடியவில்லை. பிடித்தாலும் என் திரையால் காட்ட முடியாது. நான்கு முறை எடுத்துவிட்டேன். சென்ற வாரம் ஐந்தாவது முறை எடுத்துக் காட்டியபோது, அப்பா அச்சுப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலத்தை மெல்லிய பட்டுத்தாளில் சுற்றித் தம் மேசையின் இழுப்பறையில் வைத்தார். “இத நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.